முத்திரையில்லாத துவக்கு

அந்த வேலையை எனக்கு எடுத்துத் தந்தவர் என் பெரியம்மாவின் மகள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பிரான்சில், மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோ நிலையத்துப் பக்கம், அவரும் அத்தானும் இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள். சாப்பாட்டு மேசையை மடித்து வைத்தால் கிடைக்கும் இடத்தில் நான் படுத்தேன். 2011ஆம் ஆண்டின் தொடக்கம் அது. அக்காவுக்கு ஒரு ஹோட்டலில் அறைகள் துப்புரவாக்கும் நிரந்தர வேலை கிடைத்தபோது, அதுவரை தான் போய்வந்த ஒரு கிழவரின் வீட்டை என்னிடம் விட்டார்.

"நல்ல மனுசன். சத்தம் போடமாட்டார், கரைச்சல் தரமாட்டார். உள்ளறையிலை மட்டும் கொஞ்சச் சாமான் வைச்சிருக்கிறார். பாத்துப் பயந்திடாதை, எல்லாம் பழசு" என்றார். என்ன சாமான் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் போயிருக்கமாட்டேன்.

வீடு ரூ பிலிப்-து-ஜிராரில், மூன்றாம் மாடியில். லிஃப்ட் இல்லை. கீழே எங்கள் ஆட்களின் மரக்கறிக் கடை ஒன்று. கிழவர் ரயில்வே பணிமனையில் இயந்திரம் பொருத்துகிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி செத்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. கண்ணில் ஏதோ வருத்தம் வந்து பார்வையின் நடுப்பகுதி போய்க்கொண்டிருந்தது. ஓரங்களால் மட்டும் பார்ப்பார். என் முகத்தைப் பார்க்க விரும்பினால் என் தோளுக்கு அப்பால் எங்கேயோ பார்ப்பார். நாள் முழுக்க வானொலி கேட்பார். நான் அவரை முசியே, அதாவது ஐயா, என்று கூப்பிட்டேன்.

முதல் நாள் கூடத்தையும் சமையலறையையும் துடைத்துவிட்டு உள்ளறையைத் திறந்தேன். சுவரோடு ஒரு மரச்சட்டம். அதில் பதினொரு துவக்குகள் வரிசையாக நின்றன.

துடைக்கிற துணியோடு நடைவழியிலேயே இருந்துவிட்டேன். நான் வன்னியிலிருந்து வந்தவள். துவக்கு எனக்குப் புதினமில்லை. ஆனால் அங்கே துவக்கு என்றால் அது யாரோ ஒருவரின் தோளில் தொங்கும், அந்த ஆளின் முகத்தைப் பார்த்து நாங்கள் நடந்துகொள்ளலாம். ஆளில்லாமல் ஓர் அறை நிறைய அவை நின்றதை என்னால் தாங்க முடியவில்லை.

சத்தம் நின்றுபோனதால் முசியே வந்து பார்த்தார். பிரெஞ்சில் என்னவோ சொன்னார், விளங்கவில்லை. பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில் இரண்டு சொல் சொன்னேன், அது அவருக்கு விளங்கவில்லை. பிறகு அவர் ஒரு துவக்கை எடுத்து, பின்பக்கத்து இரும்புப் பூட்டை இழுத்துத் திறந்து, குழலை யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, என்னைப் பார்க்கச் சொன்னார். உள்ளே இருட்டு. குழலுக்குக் குறுக்கே இரும்பு ஆணி அடித்து அடைத்திருந்தார்கள். பூட்டின் முகத்தைச் சரிவாக அரைத்திருந்தார்கள். குழலின் அடிப்பக்கத்தில் ஒரு சின்ன முத்திரை. அரசாங்கம் பரிசோதித்து, இனி இது சுடாது என்று குத்திய முத்திரை.

"மோர்" என்றார். செத்தது என்று அர்த்தம். அந்தச் சொல் எனக்குத் தெரிந்திருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து, இனிப் போகமாட்டேன் என்று அக்காவிடம் சொன்னேன். அடுத்த நாள் போனேன். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட ஒருத்திக்கு, எங்கள் ஆட்கள் நிறைந்த லா ஷப்பலில் வேறு எந்தக் கதவு திறந்திருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

நிராகரிப்பு வந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. என் கதையில் போதிய விவரம் இல்லையாம். என்னிடம் இருந்த விவரம் இவ்வளவுதான். என் கணவர் ஒருகாலத்தில் இயக்கத்தில் இருந்தவர். எங்கள் கலியாணத்துக்கு முன்னரே விலகி, கிளிநொச்சியில் தண்ணீர்ப் பம்பு திருத்தும் கடை வைத்திருந்தார். 2009 மே மாதம் எல்லாம் முடிந்த பின், நாங்கள் இராணுவத்தின் பக்கம் நடந்து வந்தபோது, இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவர்களும் தனியாக வந்து பதியவேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். விசாரித்துவிட்டு விடுவார்கள் என்றார்கள். அவர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு பஸ்ஸில் ஏறினார். யன்னல் பக்கம் இடம் கிடைக்கவில்லை, அதனால் திரும்பிப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. பஸ் போன திசை தெரியும். அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது.

எந்த முகாமில் வைத்திருந்தார்கள், யார் கொண்டுபோனார்கள், எப்போது என்று பிரெஞ்சு அகதி அலுவலகத்தில் கேட்டார்கள். அதைத்தானே நானும் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நிராகரிப்பு வந்த வாரம் என் தோடுகளைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தேன். சும்மா வைத்திருங்கள், எனக்குக் காது நோகிறது என்று சொன்னேன். லா ஷப்பல் மெட்ரோ நிலையம் பாலத்துக்கு மேலே இருப்பது. மேடையின் கடைசி முனைக்குப் போய் நின்று ரயில்களைப் போகவிட்டுக்கொண்டிருப்பேன். ஏறமாட்டேன். அக்காவுக்கு என்ன தெரிந்ததோ, ஒருநாள் ஒன்றும் கேட்காமல் என் தலையைத் தன் மடியில் சாய்த்து, தோடுகளை மறுபடி என் காதில் போட்டுவிட்டார். அப்படியான ஒரு காலத்தில்தான் நான் அந்தத் துவக்குகளுக்கு எண்ணெய் போடப் பழகினேன்.

முசியேக்கு எழுத்துகளை வாசிக்க ஆள் தேவைப்பட்டது. ஒவ்வொரு துவக்கின் மேற்புறத்திலும் மூன்று சின்ன எழுத்துகளும் இரண்டு இலக்கங்களும் பொறித்திருக்கும். தொழிற்சாலை எங்கே என்று எதிரிக்குத் தெரியக்கூடாது என்பதற்காகப் பெயருக்குப் பதிலாக எழுத்துகள் போட்டார்களாம். இலக்கம் ஆண்டைக் குறிக்கும். நான் விரலால் தடவி வாசிப்பேன். பே, இ-கிரெக், எஃப், அதாவது பி, வை, எஃப். பிறகு நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு. அவர் உச்சரிப்பைத் திருத்துவார். என் பிரெஞ்சு அரிச்சுவடி இதுதான். பின்னர் லா ஷப்பலில் ஒரு சங்கம் நடத்திய இலவச மொழி வகுப்பில், தெரிந்த சொல் ஒன்று சொல்லுங்கள் என்று ஆசிரியை கேட்டபோது ரொட்டி, பால், வீடு என்று எல்லாரும் சொன்னார்கள். என் வாயில் 'குலாஸ்' என்று வந்தது. துவக்கின் பூட்டு. அதை எங்கே பழகினீர்கள் என்று ஆசிரியை கேட்டார். அதன் பிறகு அந்த வகுப்புக்குப் போக எனக்குப் பயமாக இருந்தது. போகவில்லை.

அவர் ஏன் இவற்றைச் சேர்த்தார் என்பதைத் துண்டு துண்டாகத்தான் விளங்கிக்கொண்டேன். ஜெர்மன்காரர் பிரான்சைப் பிடித்திருந்த காலத்தில், 1943இல், அவருடைய தகப்பனைக் கட்டாய வேலைக்கு ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டார்கள். மகனுக்கு அப்போது ஐந்து வயது. கார் து லெஸ்ட் நிலையத்தில் ரயில் ஏற்றிவிட்டுத் தாயும் அவரும் நடந்து வீடு வந்தார்களாம். யுத்தம் முடிந்து இரண்டு பேர் திரும்பி வந்து செய்தி சொன்னார்கள். தெற்கு ஜெர்மனியில் ஒரு துவக்குத் தொழிற்சாலையில், மரவேலைப் பகுதியில், அவரும் நாங்கள் இருவரும் ஒன்றாக வேலை செய்தோம், கடைசியில் எல்லாரையும் நடத்திக்கொண்டு போனார்கள், முதலில் எங்களோடு வந்தார், பிறகு காணவில்லை. அவ்வளவுதான் செய்தி.

வளர்ந்து சம்பளம் எடுக்கத் தொடங்கியதும் அவர் அந்தத் தொழிற்சாலையின் துவக்குகளைத் தேடினார். தகப்பன் அங்கே இருந்த ஆண்டுகளில் செய்தவை மட்டும். வேட்டைக்காரர்களிடமும் பழஞ்சாமான் சந்தைகளிலும் தேடித் தேடி வாங்கியிருக்கிறார். ஒன்றையும் சுட்டுப் பார்த்ததில்லை. மரத்தைத்தான் தடவுவார். மெல்லிய பலகைகளை ஒட்டி அழுத்திச் செய்த மரம் அது, வெட்டுமுகத்தில் கோடு கோடாகத் தெரியும்.

நாற்பத்து மூன்றாம் ஆண்டுத் துவக்கைத் தொட்டால் எல்லா விளிம்பும் வழுவழுப்பாக இருக்கும். குழலையும் மரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் வளையங்கள் இரும்பைக் கடைந்து செய்தவை. அவற்றைக் கழற்ற ஒரு சின்ன வில்லை, ஸ்பிரிங்கை, பெருவிரலால் அமர்த்தினால் போதும். நாற்பத்து நான்கில், விசையைச் சுற்றியிருக்கும் காவல் வெறும் தகட்டை வளைத்து அடித்ததாக மாறிவிடும், ஒட்டிய தழும்பு விரலில் தட்டும். தொழிற்சாலைப் பரிசோதகர்கள் குத்திய குறிகளும் குறைந்துகொண்டே வரும். கடைசி மாதங்களில் செய்த இரண்டு அவரிடம் இருந்தன. எழுத்துகள்கூட மாறிவிட்டன. அவற்றில் வளையத்துக்கு வில் இல்லை, சாதாரண மரஆணியால், மரத்தில் போடும் திருகாணியால், திருகியிருந்தார்கள். முனையில் கத்தி பூட்டும் பிடி இல்லை. குழலுக்கு அடியில் இருக்கவேண்டிய துப்புரவுக் கம்பி இல்லை. இரும்பில் அரம் ராவிய கோடுகள் அப்படியே கிடந்தன. மரம் வாளால் அறுத்ததுபோலச் சொரசொரப்பாக இருந்தது. முசியே அந்த மரத்தில் கையை வைத்து, "இங்கே அவர்களுக்கு நேரம் இல்லை" என்பார். ஜெர்மன்காரரைச் சொல்கிறாரா, தகப்பனைச் சொல்கிறாரா என்று தெரியாது.

எனக்கு அது நன்றாக விளங்கியது. எங்கள் பதுங்குகுழிகளுக்கு முதலில் பனங்குற்றி அடுக்கினோம். அடுத்த இடத்தில் பனை கிடைக்கவில்லை, தகரம் போட்டோம். அதற்கடுத்த இடத்தில் சீலைகளைத் தைத்து மண் நிரப்பினோம். கடற்கரையில் கையால் தோண்டிய பள்ளம் மட்டும். ஒவ்வொரு முறையும் ஒன்று குறைந்தது. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லுமளவுக்குப் பிரெஞ்சு இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன்.

வைகாசியில் உள்ளறையின் மேல்மாடிக் குழாய் ஒழுகிச் சுவர் நனைந்தது. துவக்குகளை எல்லாம் கட்டிலில் கிடத்தி, சட்டத்தை நகர்த்தி, சுவர் காய்ந்ததும் திரும்ப நிறுத்தினேன். முன்பிருந்த வரிசை எனக்கு ஞாபகமில்லை. அவரும் அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் கண் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மிச்சப் பார்வையும் போய்விடும், செய்வதற்கு இனி ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்னது அவருடைய கையை வைத்தே எனக்குத் தெரிந்தது. என் முழங்கையைப் பிடித்திருந்தார், பிடி தளர்ந்துபோனது. பிறகு சில கிழமை சூப்பைப் பாதியில் வைத்தார். துவக்குகளை எடுத்துத் தரும்படி கேட்கவில்லை. அவருடைய மனைவியின் குளிர்கால மேலங்கி ஒன்று அலமாரியில் இருந்தது. அதை என் தோளில் போட்டு அளவு பார்த்து, எனக்கே தந்தார். கோடை வெயிலில் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஒரு புதன்கிழமை நான் போனபோது வீடு அமைதியாக இருந்தது. மேசையில் வானொலி வயர் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. அதை எனக்கு என்றார். பிரெஞ்சு பழக உதவும், கொண்டுபோ என்றார். நாளைக்கு வரவேண்டாம் என்றும் சொன்னார். பிறகு, உள்ளறையிலிருந்து ஒரு துவக்கைக் கொண்டுவரச் சொன்னார்.

"கடைசி மாதிரி இரண்டு இருக்கும். அதில் முத்திரை இல்லாதது. வரிசை மாறிவிட்டது, எனக்குத் தேட நேரமெடுக்கும். யாரோ பார்க்க வருகிறார்கள்" என்றார்.

முத்திரை இல்லாத ஒன்று இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. அவ்வளவு நாள் எண்ணெய் போட்டும் நான் மூன்று எழுத்தையும் இலக்கத்தையும் தவிர வேறு எதையும் தேடிப் பார்த்ததில்லை. மரஆணி போட்ட இரண்டையும் எடுத்தேன். ஒன்றின் அடிக்குழலில் முத்திரை இருந்தது. மற்றதில் வெறும் இரும்பு. அதன் பூட்டைத் திறந்து குழலை யன்னலுக்கு நேரே பிடித்தேன்.

வெளிச்சம் தெரிந்தது. ஒரு சின்ன வட்டமாக, சுழன்று சுழன்று போகும் கோடுகளுக்கு அப்பால், எதிர்வீட்டுச் சுவர் தெரிந்தது.

வானொலியை ஏன் தந்தார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. கண் தெரியாத ஒருவர் வானொலியைக் கொடுக்கிறார். நான் தோட்டைக் கழற்றிக் கொடுத்தவள். எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

கூடத்திலிருந்து முசியே கூப்பிட்டார். தேடுகிறேன் என்றேன். பொலிசுக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அப்போது என் மேல்முறையீட்டுக்கு நாள் குறித்திருந்தார்கள். வேலை செய்ய அனுமதி இல்லாதவள், கணவன் இயக்கத்தில் இருந்தவன், துவக்குகள் நிறைந்த அறையில் நிற்கிறாள். நான் சொல்வதை யார் நம்புவார்கள்? இல்லை என்று அவரிடம் மறுத்தாலும், நான் போன பிறகு அவரே தடவிக் கண்டுபிடிப்பார்.

முத்திரை உள்ளதை, செத்ததை, கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன்.

நாற்பத்து மூன்றையோ நான்கையோ வைத்திருந்தால் தொட்ட உடனே கண்டுபிடித்திருப்பார். இவை இரண்டும் ஒரே அவசரத்தில், சில கிழமை இடைவெளியில் செய்தவை. அவருடைய விரல்கள் வளையத்துக்குப் போயின, மரஆணியின் தலையைத் தடவின. முனைக்குப் போயின, கத்திப் பிடி இல்லை என்று உறுதிப்படுத்தின. சொரசொரப்பான மரத்தில் ஓரிடத்தில் நின்றன. பிறகு விரல்கள் நகர்ந்தன.

இதுதானா என்று கேட்டார். ஓம் என்று சொல்ல வாயெடுத்து, பிரெஞ்சில் வுய் என்றேன். அவர் எனக்கு நன்றி சொன்னார். என் பெயரைச் சொல்லி நன்றி சொன்னார். அதுவரை பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

திரும்ப உள்ளே போய், உயிருள்ள துவக்கின் பூட்டை உருவி எடுத்தேன். பக்கத்தில் ஒரு சின்ன நாக்கு இருக்கும், அதை இழுத்தால் முழுதாக வந்துவிடும். மற்றப் பத்தின் பூட்டுகளும் முகம் அரைத்தவை, அவற்றை இதில் போட்டாலும் சுடாது. கீழ்க்கடையில் வாங்கிய மரக்கறிப் பை என்னிடம் இருந்தது. பூட்டைத் துணியில் சுற்றி, முருங்கைக்காய்க்கும் கறிவேப்பிலைக்கும் அடியில் வைத்தேன். வானொலியை மற்றக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

பூட்டை எங்காவது குப்பைத் தொட்டியில் போட மனம் வரவில்லை, யாராவது எடுத்துவிடுவார்கள். ஸ்தாலின்கிராத் மெட்ரோ நிலையத்துப் பக்கம் கால்வாய் இருக்கிறது என்பது மட்டும் ஞாபகம் வந்தது. லா ஷப்பல் பாலத்தடிக்கு வந்தபோது பொலிசார் மூவர் எங்கள் ஆட்களை மறித்துக் காகிதம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பினால் சந்தேகப்படுவார்கள். நேரே நடந்தேன். ஒருவர் கையை நீட்டினார். மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது என்ற காகிதத்தைக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் பார்த்தார். வானொலி யாருடையது என்று கேட்டார். பரிசு என்றேன். பையைக் காட்டினார். மரக்கறி என்றேன். அவர் குனிந்து பார்த்து, பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த முருங்கைக்காயை ஒரு விரலால் தொட்டு, இதைச் சாப்பிடுவீர்களா என்று கேட்டார்.

அந்த நேரத்தில், இவர் கண்டுபிடிக்கட்டும் என்றும் எனக்குத் தோன்றியது. பிடித்துக்கொண்டுபோய் எங்காவது அடைக்கட்டும். இனி ஒருவருக்கும் ஒன்றையும் விளங்கப்படுத்தத் தேவையிருக்காது.

வுய், முசியே என்றேன். காகிதத்தைத் திருப்பித் தந்தார்.

கால்வாய்க் கரையில் வெயிலுக்குப் படுத்திருந்தவர்கள் பலர். ஓர் ஓரமாகக் குந்தி, கை கழுவுகிறவள்போல, துணியோடு சேர்த்துத் தண்ணீருக்குள் விட்டேன். பிறகு எழும்ப முடியவில்லை. அங்கேயே இருந்து அழுதேன். ஒரு பிரெஞ்சுக்காரி வந்து தண்ணீர்ப் போத்தல் தந்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டார். நாளைக்கு அந்தப் பக்கமே போகாதை, வேறு வேலை பார்ப்போம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் துவக்குத்தான் ஒரே வழியா என்ன. நான் கண்ணை மூடும்போதெல்லாம் மூன்றாம் மாடி யன்னல் தெரிந்தது.

வியாழக்கிழமை விடிந்ததும் வானொலியைத் தூக்கிக்கொண்டு போனேன். என்னிடம் ஒரு திறப்பு இருந்தது, கதவைத் திறந்து உள்ளே போனேன். முசியே சமையலறையில் வெளுத்த சட்டை போட்டு, முகம் மழித்து, மேசையடியில் இருந்தார். துவக்கு மேசையில் பூட்டுத் திறந்தபடி கிடந்தது. பக்கத்தில் ஒற்றைத் தோட்டா.

"முத்திரை உள்ளதைத் தந்திருக்கிறாய். மற்றதில் பூட்டு இல்லை" என்றார்.

வுய் என்றேன்.

"ஏன்?"

வானொலியை மேசையில் வைத்தேன். அவர் கையால் அதைத் தொட்டுப் பார்த்தார். அவருக்கு முகம் சிவந்தது. இது உன் விஷயமில்லை என்று கத்தினார், நீ யார் என்று கேட்டார். அவர் கத்தி நான் கேட்டதில்லை. தடுமாறி எழும்பி, துவக்கைத் தரையில் தள்ளிவிட்டார்.

எனக்கும் கோபம் வந்தது. எங்கிருந்து வந்ததென்று தெரியாது. அவருக்கு ஒரு சொல்லும் விளங்காது என்று தெரிந்தும் தமிழில் கத்தினேன்.

"என்ரை மனுசன் பஸ்ஸிலை ஏறிப் போனவர். ரெண்டு வருசமாப் பாத்துக்கொண்டிருக்கிறன். நீங்கள் அறுவது வருசத்துக்கு மேலை பாத்தனீங்கள். நீங்களே இப்பிடிப் போனா, நான் என்னெண்டு இருக்கிறது? சொல்லுங்கோ பாப்பம். நான் என்னெண்டு இருக்கிறது?"

அவர் நின்றுகொண்டே இருந்தார். பஸ் என்ற சொல் அவருக்குப் பிடிபட்டிருக்க வேண்டும். பஸ், பஸ் என்று இரண்டு தரம் கேட்டார். நான் என் பையிலிருந்த கைக்கடிகாரத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். ஆண்கள் கட்டும் கடிகாரம், தடித்த வார். அதைத் தடவினார். வாரில் என் கணவர் ஊசியால் மேலதிகமாகப் போட்ட துளை வரை தடவினார். மெலிந்துபோன கைக்காகப் போட்ட துளை.

"உன் கணவரா?" என்றார். பிறகு, "எப்போதிருந்து?" என்றார்.

நான் சொன்னேன். இலக்கங்கள் எனக்கு வரும், அவர்தானே பழக்கினவர்.

அவர் கதிரையில் இருந்தார். கோப்பி போடட்டுமா என்று கேட்டேன், தலையாட்டினார். குடித்து முடித்த பின், குளிர்ப்பெட்டியில் ஒட்டியிருந்த மருத்துவரின் தொலைபேசி இலக்கத்தை எடுக்கச் சொன்னார். நான் அழுத்திக் கொடுத்தேன். அவரே கதைத்தார். எதையும் மறைக்காமல் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் மருத்துவர் மத்தியானத்துக்கு முன்னரே வந்துவிட்டார்.

அவர் பல கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தார். நான்ட் நகரத்திலிருந்து தங்கை மகள் ஒருத்தி வந்து வீட்டைக் காலியாக்கினார். முத்திரையில்லாத துவக்கைப் பொலிசிடம் ஒப்படைத்தபோது, பூட்டு எங்கே என்று கேட்டார்களாம். வாங்கின நாளிலிருந்தே இல்லை என்று முசியே ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி சொல்லியிருக்கிறார். நான் அதை என்ன செய்தேன் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. மற்றப் பத்தையும் ஒரு பழம்பொருள் வியாபாரி எடுத்துக்கொண்டு போனார். ஒன்றாவது வைத்திருக்க விருப்பமா என்று மருமகள் கேட்டதற்கு, வேண்டாம் என்றாராம்.

எனக்கு வேலை போனது. மேல்முறையீட்டு விசாரணை மோந்திரோயில் நடந்தது. கணவர் கடைசியில் ஆயுதம் தூக்கினாரா என்று நீதிபதி கேட்டார், இல்லை என்றேன். நீங்கள் எப்போதாவது துவக்கைக் கையாண்டதுண்டா என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்லி முடிக்கும் முன்னரே எனக்குப் பிரெஞ்சில் விளங்கிவிட்டது. அந்தச் சொற்களெல்லாம் எனக்கு அத்துப்படி. என் கைகளைப் பார்த்தேன். இல்லை என்று சொல்லச் சற்றுத் தாமதித்துவிட்டேன். நீதிபதி எதையோ குறித்துக்கொண்டார். அந்தத் தாமதம் ஒரு காரணமே இல்லை என்று வழக்கறிஞர் பின்னர் உறுதியாகச் சொன்னார். இருக்கலாம். முடிவு நிராகரிப்புத்தான்.

அதன் பிறகு காகிதமில்லாமல் இருந்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உணவகங்களின் பின்பக்கத்தில் சட்டி கழுவினேன். மெட்ரோ வாசலில் நீலச் சட்டையைக் கண்டால் திரும்பி நடந்தேன். கணவரோடு அதே பஸ்ஸில் ஏறிய ஒருவரின் தாய் வவுனியாவில் கொடுத்த சத்தியக் கூற்றோடு வழக்கை மறுபடி திறந்தோம். 2014இல் எனக்கு அகதி அந்தஸ்து கிடைத்தது. அக்கா பால்சோறு காய்ச்சினார். நான் சாப்பிட்டேன், சந்தோசம் வரவில்லை. என் கணவர் காணாமல் போனதை ஓர் அரசாங்கம் நம்பிவிட்டது என்பதுதான் அன்று எனக்குப் பட்டது.

முசியேயைச் செவ்ரான் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்திருந்தார்கள். முழுதாகக் கண் தெரியாது. காகிதம் இல்லாத காலத்திலும், ரயிலில் சீட்டுப் பரிசோதகர் வருவாரோ என்று பயந்து பயந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறிப் போவேன். தோட்டத்தில் ஒரு சுற்று நடத்திக்கொண்டு வருவேன். என் பிரெஞ்சு அப்போது தேறியிருந்தது. பதுங்குகுழிகளைப் பற்றி அவரிடம் அங்கேதான் சொன்னேன். பனங்குற்றி, தகரம், சீலை, பள்ளம். அவர் ஒவ்வொன்றையும் விவரமாகக் கேட்டார், சீலையை எப்படித் தைத்தீர்கள், யார் தைத்தது என்று. ஒருவரும் என்னிடம் அதையெல்லாம் கேட்டதில்லை.

ஒருநாள் அவரிடம் நேராகவே கேட்டேன், வழி பார்த்துக்கொண்டிருப்பது எப்போது நிற்கும் என்று. தன் தாய் சாகும்வரை தகப்பனின் இடத்துக்கு மேசையில் ஒரு கரண்டி வைத்தார் என்றும், தாய் செத்த பிறகு தான் அந்தக் கரண்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றதாகவும் சொன்னார். நான் கேட்டதற்கு அது பதிலா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியாது என்றார்.

அந்த ஆண்டுகளில் அவர் மறுபடி அப்படி எதுவும் செய்ய முயலவில்லை. நல்லாயிருந்தார் என்றும் சொல்லமாட்டேன். சில ஞாயிறுகளில் என்னோடு ஒரு வார்த்தைகூடக் கதைக்கமாட்டார், ஏன் என்னைப் போகவிடவில்லை என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வார். நானும் அப்போது பக்கத்தில் சும்மா இருந்துவிட்டு வருவேன். ஒரு குளிர்காலத்தில் நெஞ்சுச் சளி வந்து கட்டிலிலேயே செத்துப்போனார். மருமகள் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். நல்லடக்கத்தில் ஐந்து பேர்தான்.

நான் இப்போது செவ்ரானில் ஒரு பள்ளிக்கூடத்து உணவுக்கூடத்தில் வேலை செய்கிறேன். தனியாக ஒரு சின்ன வீடு. ஊரில் கணவரின் பெயரிலுள்ள காணியைப் பிரிக்கவேண்டியிருக்கிறது என்று மாமி அடிக்கடி தொலைபேசி எடுத்துச் சொல்கிறார். அதற்குக் கணவருடைய மரணச் சான்றிதழ் வேண்டும், மனைவி கையெழுத்து வைத்தால் எடுக்கலாம். மாமியும் பாவம், தன் மகனைப் பற்றித்தானே கதைக்கிறார். அடுத்த கிழமை பார்ப்போம் மாமி என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். அவரும் சரி பிள்ளை என்று சொல்லி, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைக்கிறார்.